குண்டுக் குருவிக்கு என்ன வயது

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள வாயாடிக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லித் தொலைக்காமல் எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். போனில் நீ கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லையடி. ‘கடையை விட்டுட்டு இங்க வந்துடும்மா, இனிமே உன்னை நான் பாத்துக்கறேன்’ என்றாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நாம் எத்தனையோ தடவை போனில் பேசிவிடுவோம். அப்போதெல்லாம் இதைப் பற்றி நான் மூச்சு விட மாட்டேன். நீயும் கிளறாதே. எழுதினால்தான் எனக்கு யோசனையே ஓடுகிறது.

உண்மையைச் சொன்னால் ஒரே குழப்பம். காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, போதும், போய்விடலாம் என்று தோன்றுகிறது. கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கியதும் எதற்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள். மேஜை முழுக்கச் சீருடைத் துணி. என் கத்தரிக்கோல், என் நாற்காலி, என் ஜன்னல். இதை விட்டுவிட்டு உன் வீட்டில் நான் என்ன செய்வேன்? டிவி பார்ப்பேனா? நீ வேலைக்குப் போன பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இதில் கட்டட ஓனர் வேறு. பக்கத்துச் செல்போன் ரிப்பேர் கடைக்காரர் நடுச்சுவரை இடித்துத் தன் கடையைப் பெரிதாக்க வேண்டுமாம். ‘நீங்க இருப்பீங்களா, போவீங்களா, மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்கம்மா’ என்று ஓனர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். கடையைக் கொடுத்தால் கொடுத்ததுதான். இந்தத் தெருவில் மறுபடியும் எனக்கு ஓர் இடம் கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அங்கே வெளிநாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாய். யார் யார் பெற்ற அம்மாக்களையோ எழுப்பி உட்கார வைத்து, குளிக்க வைத்து, மருந்து கொடுக்கிறாய். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் கொஞ்ச நாளாகப் போனில் என்னிடமும் அந்த வேலைக் குரலில் பேசுகிறாய். ‘மெதுவா, மெதுவா, அவசரமில்லை’ என்கிறாய். நான் ஒருத்தி நோயாளியாகி உன் வாசலில் இறங்கப் போகிறேன் என்று நினைக்கிறாயா? முன்பெல்லாம் நீ வாயைத் திறந்தால் எனக்கு ‘ம்’ கொட்டக்கூட இடம் கிடைக்காது.

சரி, குருவிக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். நம் காஜாக்காவிடம் நீ கூப்பிட்டதைச் சொன்னேன். காஜாக்காவை மறந்திருக்க மாட்டாய். பட்டன் ஓட்டைக்கு அவளைப் போல் காஜா எடுக்க இந்த ஊரில் இன்னொரு கை கிடையாது, அவளைப் போல் வெடுக்கென்று பேச இன்னொரு வாயும் கிடையாது. துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். ‘போகாதே. குருவியைப் பாரு, றெக்கை முளைச்சா அம்மாவாவது ஒண்ணாவது. எந்தக் குருவி வளந்து வந்து அம்மாக்காரிக்கு ஊட்டி விட்டுச்சு?’

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. உன்னைச் சொன்ன மாதிரியே இருந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

கடவுளாகப் பார்த்துக் காட்டினார் போல. நம் பெயர்ப்பலகைக்குப் பின்னால் குருவிகள் கூடு வைத்திருக்கின்றன. அடுத்த நாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வெயிலுக்குப் போட்ட தகரத்தின் ஓரத்தில் இரண்டு குருவிகள். ஒன்று குண்டு. இறகெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது, றெக்கை இறங்கிக் கிடக்கிறது, உடம்பு நடுங்குகிறது. இன்னொன்று ஒல்லி, கச்சிதம். அது டீக்கடை வாசலில் போய்ச் சிந்தின துணுக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்து, குண்டுக் குருவியின் வாயில் வைக்கிறது! திரும்ப ஓடுகிறது, திரும்ப வந்து வைக்கிறது.

எனக்குத்தான் அளவு பார்க்கிற கண் ஆயிற்றே. பெரிய அளவு மூத்தது, சின்ன அளவு இளையது. வயதானவர்கள் பழைய சட்டையைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுங்கள் என்று கொண்டு வருவார்கள் பார், உடம்பு வற்றிப்போய்த் தோள் தையல் கையில் இறங்கி நிற்கும். அந்தக் குண்டுக் குருவியின் இறகு அப்படியே இருந்தது. வயதான அம்மா, நடுக்கம் வேறு. ஒல்லிதான் பிள்ளை. காஜாக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அதோடு விட்டேனா? துணி கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர் எல்லோருக்கும் காட்டினேன். போக்குவரத்து ஆபீஸ் கிளார்க் ஒருவர், தன்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத தன் மகனை வேலைமெனக்கெட்டு அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மகன் குருவியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பேன்ட் ரெடியா என்று என்னைக் கேட்டான்.

ஆக, மனசு உன் பக்கம் சாய்ந்திருக்கிறது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. நீ அனுப்பிய அறைப் படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. திரைச்சீலையின் மடிப்புத் தையல்தான் கோணல், யார் தைத்தது? எனக்காக அலமாரியில் ஒரு பக்கம் முழுக்கக் காலி செய்து வெறும் ஹேங்கர்களாகத் தொங்க விட்டிருக்கிறாய். என்னிடம் அத்தனை உடுப்பு ஏது, பைத்தியமே? போன வாரம் வீடியோவில் நான் தைத்த நீலச் சட்டை போட்டிருந்தாய். தொளதொளவென்று இருந்தது. இப்போது அதுதான் பேஷன் போலிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வீடியோவில் முன்பெல்லாம் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், இப்போது தலையே தெரிவதில்லை. வேலை அதிகமா?

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

முக்கால்வாசி முடிவெடுத்த
அம்மா


வியாழக்கிழமை, கடையில்

அன்புள்ள வாயாடிக்கு,

முதல் கடிதம் ஒரு வாரத்திலேயே கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னாய். குருவிக் கதையைப் படித்துச் சிரித்தேன் என்றாய். சிரித்த வரைக்கும் போதும், அதை இனி யாரிடமும் சொல்லாதே. மானம் போய்விட்டது.

நடந்தது இதுதான். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்தவரை நான் சும்மா விடுவேனா? இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். ‘அம்மா, தலைகீழாச் சொல்றீங்க. குண்டா இருக்கே, அதுதான் குஞ்சு. ஒல்லிதான் அம்மா’ என்றார்.

கூட்டை விட்டு வெளியே வந்த புதிதில் குஞ்சு அப்படித்தான் இருக்குமாம். இறகு பொசுபொசுவென்று நிற்பதால் தாயைவிடப் பெரிதாகத் தெரியுமாம். தாய் தீனி தேடி ஓடி ஓடி இளைத்துப் போயிருக்குமாம். றெக்கையைத் தொங்கப் போட்டு நடுங்குவது முதுமையும் இல்லை, நோயும் இல்லை, பசிக்கிறது என்று கேட்பதாம். ‘வாயோரத்தைப் பாருங்க, மஞ்சளா மெத்துனு இருக்கும்’ என்றார். தைக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூரத்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் கிட்டத்துக் கண்ணாடியோடு தூரத்தைப் பார்த்து ஊருக்கே உபதேசம் செய்திருக்கிறேன்.

காஜாக்கா வாய்விட்டுக் கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. காஜா எடுத்துக்கொண்டே ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நானும் விடாமல் டீச்சரைக் கேட்டேன். இந்தக் குருவி போகட்டும், வளர்ந்த பிறகு தாய் தகப்பனைக் கவனிக்கிற பறவை உலகத்தில் ஒன்றுமே கிடையாதா என்றேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பெரும்பாலும் கிடையாதாம். கொஞ்ச நாள் ஆனதும் இது அம்மா, இது பிள்ளை என்ற அடையாளமே இருக்காதாம். சில இனங்களில் மட்டும் பெரிய பிள்ளைகள் கூடவே தங்கி, அம்மா அடுத்துப் பொரிக்கிற குஞ்சுகளுக்குத் தீனி கொண்டு வந்து கொடுக்குமாம். அம்மாவுக்கு ஊட்டுவதில்லை, அம்மாவோடு சேர்ந்து ஊட்டுகிறது. இது கவனிப்பா, இல்லையா? அதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து டீச்சருக்கே பாவமாகிவிட்டது. ‘பறவையை வச்சு நம்மளை அளக்கக் கூடாதும்மா’ என்று கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதெல்லாம் படித்தவர்கள் பேச்சு. ஒரு குருவியை நம்பிக் கடையைக் கொடுக்கப் பார்த்தேனே என்று என் மேலேயே எரிச்சல். பிள்ளை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட உலகத்தில் எந்த உயிருக்கும் வழியில்லை, உனக்கு மட்டும் என்னடி என்று என்னையே கேட்டேன். அதனால் ஓனரிடம் நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. வாசலில் இரண்டு தடவை அவரைப் பார்த்தேன், இரண்டு தடவையும் வாய் வரைக்கும் வந்தது, நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்றுப் போனில் நீ கேட்டாயே, ‘எப்பம்மா வர்றே’ என்று, அதுதான் காதில் நின்றுகொண்டிருக்கிறது. வருகிறாயா என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்டாய். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாய். போன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். இருக்கேம்மா என்றாய். மாப்பிள்ளை எங்கே என்றதற்கு டூரில் இருக்கிறார் என்றாய். போன மாதமும் டூர்தானே? சோறு சாப்பிட்டாயா என்றதற்கு ஏதோ மென்று முழுங்கினாய். உனக்கும் எனக்கும் நடுவில் என்னவோ சரியில்லை, நான்தான் தாமதம் செய்து உன்னை நோகடித்துவிட்டேன் என்று தோன்றுகிறது. வராவிட்டாலும் கோபம் வேண்டாமடி. கோபம் இருந்தால் திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருக்காதே.

மாப்பிள்ளை ஊரில் இருந்தால் விசாரித்ததாகச் சொல்.

ஒன்றும் புரியாமல் இருக்கும்
அம்மா


ஞாயிற்றுக்கிழமை, காலை

என் மகளே,

இந்தத் தடவை வாயாடி என்று எழுதக் கை வரவில்லை. நீ வாயாடி எத்தனை மாதமாயிற்று? அதைக்கூட நான் கவனிக்கவில்லையே.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் வருகிறேன். நீ வாங்கி அனுப்பிய விசா அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். ஓனரிடம் சாவியைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட சீருடைகளை முடித்ததும் கிளம்புகிறேன். எனக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஒருத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகப் போகிற பெண். டேப்பைப் பார்த்ததும் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மாக்காரி எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள். ‘வளர்ற பிள்ளை, நல்லா லூசாவே வைங்க. தோள் இறங்கினாலும் பரவாயில்லை.’ நானும் எப்போதும் போலத் தலையாட்டிவிட்டு அளவை எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

தோள் இறங்கினால் கிழடு என்று குருவிக்குத் தீர்ப்புச் சொன்னவள் நான். என் கடையில் வருஷம் பூராவும் நான் தைப்பதே தோள் இறங்கின சட்டைதான், அதுவும் குழந்தைகளுக்கு. பாதித் தொழிலை மறந்துவிட்டுப் பேசியிருக்கிறேன்.

அடுத்த நிமிஷம் உன் நீலச் சட்டை கண் முன்னால் வந்தது. அது தொளதொளவென்று தைத்த சட்டை இல்லையே! உன் உடம்பில் வைத்துப் பிடித்துப் பிடித்து நான் தைத்தது. அக்குளில் இறுக்குதும்மா என்று நீ முனகினாய், அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நான் அதட்டினேன். அது கையில் இறங்கித் தொங்குகிறது, பேஷன் என்று எழுதியிருக்கிறேன். பேஷனாவது மண்ணாங்கட்டியாவது. நீ எத்தனை இளைத்திருந்தால் அந்தச் சட்டை அப்படி நிற்கும்?

அப்புறம் நீ அனுப்பிய அறைப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், இந்தத் தடவை சரியான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. அலமாரியில் தொங்குவது எல்லாம் தோள் அகலமான கோட்டு ஹேங்கர். எனக்காக யாராவது கோட்டு ஹேங்கர் மாட்டி வைப்பார்களா? அந்தப் பக்கத்தை நீ எனக்காகக் காலி செய்யவில்லை. அது தானாகக் காலியாகியிருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். போனிலும் கேட்க மாட்டேன். டூர் என்று நீ சொன்னால் டூர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் ஒருவரை விசாரிக்கவில்லை, பார்த்திருப்பாய். மறதியால் விட்டதில்லை.

உன்னை நான் பாத்துக்கறேன் என்று நீ சொன்னாய். வேலைக் குரலில் சொன்னாய். அந்தக் குரலை எதற்கு வைத்திருக்கிறாய் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அங்கே வேலையில் அழக் கூடாது, அதற்காகப் பழகிய குரல் அது. என்னிடமும் அதையே எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறாய். நான் என்னவோ எனக்கு அவமரியாதை என்று முறைத்துக்கொண்டு நின்றேன். என்ன அம்மா நான், போ.

நான் மறுபடியும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஊரையே கூட்டி வைத்துக் குருவியின் வயதைத் தப்பாகச் சொன்னவள்தானே. நீ குண்டாக, கன்னம் உப்ப, மாப்பிள்ளையோடு வந்து நின்று விமான நிலையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்புக்காகவே நான் திரும்பத் திரும்ப முட்டாளாகத் தயார். ஆனால் நான் நினைத்தது சரியாக இருந்தால், நான் வந்த பிறகு உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று இல்லை.

யார் யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெளிவில்லை. எனக்கு ஊசியில் நூல் கோர்க்க இன்னொருவர் கண் வேண்டியிருக்கிறது, மாடிப்படி என்றால் பயம் வருகிறது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒருத்தி வேண்டும். உன்னைத் தூக்கி நிறுத்த வருகிறேன் என்று மார்தட்ட மாட்டேன், வழியிலேயே நான் உட்கார்ந்துவிடக்கூடும். இதைக் காஜாக்காவிடம் சொன்னேன். ‘அதையெல்லாம் அங்க போயி ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிவு பண்ணிக்கோங்க. முதல்ல கிளம்பு’ என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அவள் காஜா வேலையை இனி வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வாளாம்.

கடையை விடுவது வலிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வலிக்கிறது. நேற்று மேஜையைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அது வேறு கணக்கு, அதை உன் கணக்கில் சேர்க்காதே. உனக்காக இதை விட்டேன் என்று என்றைக்காவது நான் வாயைத் திறந்தால், அம்மா என்றும் பார்க்காமல் சண்டைக்கு வா.

என்னை அழைக்க லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, முடியவில்லை என்றால் வீட்டிலேயே இரு. விலாசம் எழுதிய சீட்டைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டாவது வந்து சேர்ந்துவிடுவேன். எனக்காகச் சமைக்காதே, அறையைத் துடைக்காதே, சிரித்த முகத்தோடு கதவைத் திறக்க வேண்டும் என்றும் இல்லை. கதவைத் திறந்தால் போதும்.

அது வரைக்கும் ஒரு வேளையாவது வயிற்றுக்குச் சாப்பிடு. வேலையில் யாருக்கோ ஊட்டிவிட்டு வரும்போது, உனக்கும் ஒரு வாய் எடுத்துக்கொள். அழுகை வந்தால் அழு, யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் தனியாக அழுது தீர்த்துவிடாதே கண்ணே. கொஞ்சம் மிச்சம் வை, நான் வந்துவிடுகிறேன்.

உன்
அம்மா